திருப்பதி போகாத மொட்டைகள்

சத்தியவேட்டில் குடும்பத்தோடு சௌக்கியமாய் இருக்கும் அன்புள்ள அக்கா தாட்சாயணிக்கு, சித்தூரிலிருந்து தங்கை இந்திராணி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. மச்சான் காலில் முள் தைத்த விஷயம் அறிந்து வருந்தினேன்.

நலமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு, "உன் வீட்டுக்கு வந்துபோகிற பெரிய மனுஷங்க யார் யார், எனக்கு மட்டும் சொல்லு" என்று ஒரு பக்கம் கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன். நீ கல்யாணம் கட்டிக்கினு போனதும் தொழில் மறந்துபோச்சா? என் வாசப்படி தாண்டினா யாருக்கும் பேரு கிடையாது. ஒரு பேரு வெளியே போச்சுன்னா அவங்க தலை முழுகிட்டு பொண்டாட்டிகிட்ட போயிடுவாங்க, மூட்டை கட்டுறது நானு.

ஆனா நடந்த கூத்தைச் சொல்றேன், கேளு. ஆந்திரா தனியாப் பிரிஞ்சதுலருந்து இந்த ஊரு யாருக்குன்னு ஒரே சண்டையாச்சே, அதுல சித்தூர் மெட்ராஸோடதான் சேரணும்னு மேடையில தொண்டை கிழிய கத்துற ஒருத்தர், வூட்ல திருப்பதின்னு சொல்லிட்டு நேரா என் வூட்டுக்கு வந்துட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு, "ஐயையோ இந்திராணி, மொட்டையில்லாம எப்படி வூட்டுக்குப் போவேன்"னு அழுவுறாரு. பாவமா இருந்துச்சு. அம்பட்டர் துலுக்காணத்தை கொல்லப்பக்கமா வரவழைச்சு வழிச்சு, சந்தனம் பூசி, திருப்பதி பஸ் கண்டக்டர் கொண்டாந்த லட்டையும் கையில குடுத்து அனுப்பினேன். அந்தாளு சும்மா இருந்தாரா? நல்ல யோசனைன்னு இன்னொருத்தர் காதுல ஓதிட்டாரு. அந்த இன்னொருத்தர் யாருன்னு நினைக்கிறே, சித்தூர்ல ஒரு பிடி மண்ணையும் தரமாட்டோம்னு எதிர்மேடையில கத்துறவரு! மறுநாளே அவரும் வூட்ல திருப்பதின்னு சொல்லிட்டு வந்து, "ஏமம்மா, நாக்கு கூட"ன்னு, எனக்கும்தான்னு தெலுங்குல கேட்டு, தலையைக் குனிஞ்சு உக்காந்துட்டாரு. ஞாயித்துக்கிழமை ரெண்டு கூட்டம், ரெண்டு மேடை, ரெண்டு மொட்டை. சந்தையே சிரிக்குது. "இவங்க ரெண்டு பேரும் எப்போ ஜோடியா மலையேறினாங்க?"ன்னு ஒருத்தன் கேக்க, "மலையா? இந்திராணி சந்துல இல்ல பார்த்தேன்"னு இன்னொருத்தன் சொல்ல, அது மொத மொட்டையோட சம்சாரம் காதுக்குப் போயிடுச்சு.

ஜெயம்மான்னு பேரு. நேரா வந்துட்டாங்க அக்கா, கையில துடைப்பம் இல்ல, வாயில வசவு இல்ல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. "ஏம்மா, நான் சண்டைக்கு வரலை. கொழந்தைக்கு ஜுரம்னு அவரு முடி தரதா நான்தான் வேண்டிக்கினேன். தந்துட்டேன்னாரு. ஜுரம் விட்டுது, இப்போ மறுபடியும் அடிக்குது. அந்த முடி சாமிக்குப் போச்சா இல்லையா, அது மட்டும் சொல்லு"ன்றாங்க. வேண்டுதல்னு எனக்கு யாரு சொன்னா! அந்தப் படுபாவி சொல்லவேயில்லை. முடி என் எருக்குழியில கிடக்குது. ஆமான்னு சொன்னா பொய், இல்லைன்னு சொன்னா அந்தாளு பேரு வெளியே போச்சு. "அம்மா, இங்க வர்றவங்களுக்கு பேரே கிடையாது, எனக்குத் தெரியாது"ன்னுட்டேன். "சரிம்மா, சனிக்கிழமை நானே போய் என் முடியத் தரேன்"னு கண்ணைத் தொடச்சுக்கினு போயிட்டாங்க. அன்னிக்கு எனக்கு சோறு இறங்கலை.

ஆனாலும் வாயைக் காப்பாத்திட்டேன். இன்னிவரைக்கும் ஒரு பேரு என் நாக்குல ஏறினதில்லை, இனிமேலும் ஏறாது. மச்சானுக்கு என் வணக்கம், பசங்களுக்கு முத்தம். எல்லாருக்கும் அந்த ஏழுமலையான் ஒரு குறையும் வைக்காம பார்த்துக்கட்டும்.

இப்படிக்கு,
இந்திராணி

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்குள்ள மனசு கேக்கலை. சனிக்கிழமை மொத பஸ்ஸுல மலைக்குப் போய், முடி எடுக்கிற இடத்துல உக்காந்துட்டேன். யாரோடதோன்னு சாமி குழம்பிடக் கூடாதேன்னு, "கோவிந்தா! இது எனக்கு இல்ல, இன்னாரு கடன், அந்தக் கொழந்தை பேர்ல வரவு வெச்சுக்கோ"ன்னு அந்தாளு பேரு, அப்பன் பேரு, தெருவு, எல்லாத்தையும் கூவிட்டேன். பக்கத்துல குனிஞ்சிருந்த பொம்பளை நிமிர்ந்தாங்க. ஜெயம்மா. பாதி மொட்டை. நானும் பாதி மொட்டை. நான் எழுந்து ஓடப்பார்த்தேன். "உக்காரு, பாதியில எழுந்தா வேண்டுதல் சேராது"ன்னு என் கையைப் புடிச்சாங்க. முழுசா வழிச்சு முடிக்கிற வரைக்கும் விடவேயில்லை அக்கா.