முதல் பிரதிவாதி

“இது ஒரு பிள்ளை தலையில விழுந்தா யாரும்மா பொறுப்பு?”

பள்ளிக்கூடங்களைச் சோதனையிடும் டெபுட்டி இன்ஸ்பெக்டர் மாணிக்கம் கழுத்தை முடிந்தமட்டும் பின்னால் சாய்த்து, மேலே பார்த்தபடி கேட்டார். மேலே பலாக்காய்கள் தொங்கின. ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டியின் பருமன் இருக்கும். அவற்றுக்கு நேர் கீழே, புல் வேய்ந்த ஒற்றை அறைக்குள், பிள்ளைகள் ராகம் போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலையில் பல பட்டிகள் சேர்ந்தது ஒரு நாடு; அப்படிக் குண்டூர் நாட்டின் கடைசிப் பட்டியில் இருந்த ஒரே பள்ளிக்கூடம் அதுதான்.

அம்சவேணி டீச்சருக்கு அந்த மரம் என்றால் அன்றுவரை நிழல்தான். நிழலுக்கும் சட்டம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“இதுவரைக்கும் ஒண்ணும் விழுந்ததில்லீங்க சார்.”

“விழுந்தப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்? கேஸ் போடுவாங்க. முதல் பிரதிவாதி நீங்க. அடுத்தது நான். ரெண்டு பேரும் சேலம் கோர்ட்டுல கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.” மாணிக்கம் மறுபடியும் மேலே பார்த்தார். “எப்பப் பழுக்கும்?”

“அடுத்த வாரம் பழுத்துருமுங்க.”

“அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள அத்தனையையும் அடிபடாம இறக்கி, ஓரமா அடுக்கி வைங்க. பிள்ளைங்க தடுக்கி விழாம, நானே அப்புறப்படுத்த ஏற்பாடு பண்றேன். மரத்துல ஒண்ணு தொங்கினாலும் சரி, பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி எழுதிருவேன். பிள்ளைங்க அடுத்த நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகட்டும்.”

பின்னால் குடையோடு நின்ற பியூன் குப்புசாமி ஒரு பெருமூச்சு விட்டார். இருவரும் மலை இறங்கினார்கள். அடிவாரம் வரை நடை, அதற்கப்புறம்தான் பஸ்.

அம்சவேணி வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாட்டுப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு காடு, ஓர் ஓடை, மறுபடியும் ஒரு காடு. பெண் பிள்ளையை எவரும் அனுப்ப மாட்டார்கள். சேந்தமங்கலத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவள், வீடு வீடாக ஏறி இறங்கிச் சண்டை போட்டுச் சேர்த்த பெண் பிள்ளைகள் அவர்கள். பள்ளிக்கூடத்தை மூடினால் எல்லோரும் மறுநாளே ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது.

நேரே ஊர்க்கவுண்டர் சின்னானிடம் போனாள்.

“காயை இறக்கோணுமுங்களா?” அவர் காதைத் தடவிக்கொண்டார். “அது ஊர்ப் பொது மரமுங்க அம்மணி. ஆடி நோன்பிக்கு மொதப் பழம் சாமிக்குப் போவாம அதுல கத்தி படக்கூடாதுங்க.”

“அதுக்குள்ள யாரு தலையிலயாவது உளுந்துருச்சுன்னா?”

“உளுகாதுங்க.”

“உளுந்தா கேஸுங்க கவுண்டரே!”

“யாரு மேல? மரத்து மேலயா?”

“என் மேலங்க! நாந்தான் முதல் பிரதிவாதி!”

சின்னான் அவளை உண்மையான பரிதாபத்தோடு பார்த்தார். “மரம் பண்ற தப்புக்கு நீங்க செயிலுக்குப் போவோணுமா? இதென்ன சட்டமுங்க!” என்று பொருமினார். ஆனால் கத்தி விஷயத்தில் அவர் இம்மியும் நகரவில்லை.

வெட்டக்கூடாது என்றால் விழாமல் பார்த்துக்கொள்ளலாமே. இப்படி ஒரு யோசனை வந்ததும் அம்சவேணி தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள். பழைய மஞ்சள் புடவைகளைக் கிழித்தாள். மரம் ஏறுவதில் கெட்டிக்காரனான முத்தனைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு காயையும் துணியில் ஏந்தி, துணியின் இரு முனைகளையும் மேல் கிளையில் இறுக்கிக் கட்டச் சொன்னாள். காம்பு அறுந்தாலும் காய் துணியிலேயே நிற்கும். முத்தன் ஏன் எதற்கு என்று கேட்காமல் கட்டி முடித்தான். மரம் முழுக்க மஞ்சள் துணி காற்றில் ஆடியது.

காட்டு வேலை முடிந்து அந்த வழியாக வந்த இருசாயி, தலைச் சுமையை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, மதிய உணவு சமைக்கும் பாப்பாயி அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“எத்தனை தொட்டிலுங்க டீச்சரம்மா! ஒண்ணு கேட்டாப் பத்தாதுங்களா?”

அம்சவேணிக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவன் சேந்தமங்கலத்தில் ஜவுளிக்கடை உத்தியோகம். வாரம் ஒரு தடவைதான் மலை ஏறுவான். இதில் அவளைத் தவிர ஊரில் எல்லோருக்கும் கவலை இருந்தது. பிள்ளை வரம் கேட்பவர்கள் மரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டுவார்கள் என்பது அவளுக்கும் தெரிந்ததுதான். பலாக்காயைப் பார்த்த கண்ணுக்கு அது தோன்றாமல் போய்விட்டது.

“ஐயோ பாப்பாயி, அது காய் உளுகாம இருக்கறதுக்குங்க! வேண்டுதலே இல்லீங்க!”

“வெளிய சொன்னாப் பலிக்காதுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது சாமி.” பாப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அம்சவேணி முத்தனைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். பொம்பளைங்க சமாச்சாரம், கேக்க வெக்கமா இருந்துச்சுங்க” என்றான்.

படித்த டீச்சரே வேண்டிக்கொண்ட மரம் என்றால் சும்மாவா? பக்கத்துப் பட்டிகளிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு தொட்டில் கட்டினார்கள். வெறுந்தொட்டில் கட்டக்கூடாது அல்லவா, பிள்ளைக்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் ஒரு கல்லை வைத்தார்கள். வேண்டுதல் பெரிதாக இருந்தவர்கள் பெரிய கல்லாக வைத்தார்கள்.

இப்போது பிள்ளைகளின் தலைக்கு மேல் பலாக்காயோடு பாறாங்கல்லும் தொங்கியது. அம்சவேணி மேலே பார்த்தாள். சேலம் கோர்ட்டு தெரிந்தது.

“கல்லு வேண்டாமுங்க, அவுத்துருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!” என்று கெஞ்சினாள்.

“பொறக்கறதுக்கு முன்னால தொட்டிலை அவுக்கறதுங்களா?” என்று ஒருத்தி அடிக்கவே வந்துவிட்டாள்.

இனி மரத்தோடு மல்லுக்கட்ட முடியாது, தலைகளைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று டீச்சர் முடிவு கட்டினாள். “நாளைக்கு எல்லாரும் ஊட்டுல இருந்து ஆளுக்கொரு கூடை கொண்டாங்க கண்ணுகளா” என்றாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் கூடைகளால் நிறைந்தது. பிள்ளைகள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூடை கழுத்துவரை இறங்கியதால் யாருக்கும் கரும்பலகை தெரியவில்லை. டீச்சருக்கும் எந்தக் கூடைக்குள் எந்தப் பிள்ளை என்று தெரியவில்லை. “மாதா, எந்திரிச்சுச் சொல்லு” என்றாள். மாதன் எழுந்தான். கூடைக்குள் சரியாகக் கேட்காமல், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் கண்ணாயியும் எழுந்தாள். இரண்டு கூடைகளும் மோதின. மாதன் சுவரில் போய் முட்டி, நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம் வாங்கினான்.

அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பிள்ளைக்கு அடிபட்டது அதுதான் முதல் தடவை. மாதன் ஊர்க்கவுண்டர் சின்னானின் மகன்.

மதியம் சின்னான் வந்தார். தனியாக வரவில்லை. பின்னால் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அரிவாளும் மூங்கிலுமாக வந்தார்கள். அம்சவேணி ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“பையனுக்குப் பட்டது என் தப்புத்தானுங்க. என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. பள்ளிக்கூடத்து மேல கை வெக்காதீங்க.”

“உங்க தப்பு இல்லீங்க அம்மணி. இது சாமி குத்தம்.” சின்னான் மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். “இத்தனை பேரு வேண்டிக்கிட்ட மரத்தடியில புள்ளைங்க காலை நீட்டி உக்காருது. எச்சியைத் தொட்டுச் சிலேட்டு அழிக்குது. சாமி கோவிச்சுக்கிட்டு என்ற பையன் நெத்தியில காட்டிருச்சு. இனி இங்க பள்ளிக்கூடம் இருக்கக்கூடாதுங்க.”

டீச்சர் வாசலை விட்டு நகரவில்லை. “அப்ப நீங்களும் மூடத்தான் போறீங்களா?”

“மூடறதுக்கு எதுக்குங்க மூங்கில்?” சின்னான் சிரித்துவிட்டார். “அக்கட்டால நம்ம சாமைக்காடு தரிசாத்தான கெடக்குது. அங்க கட்டிக்கலாமுங்க.”

ஊரே இறங்கியது. ஆண்கள் குழி தோண்டினார்கள், பெண்கள் மண் குழைத்தார்கள், பிள்ளைகள் கூடைகளைத் தலையிலிருந்து எடுத்து அதில் மண் சுமந்தார்கள். கூடைக்கு ஒருவழியாக உருப்படியான வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில், தலைக்கு மேல் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், பழையதைவிட அகலமான புதுப் பள்ளிக்கூடம் நின்றது. அம்சவேணி அதன் வாசலில் நின்று ஒரு மூச்சு அழுதாள். அது சந்தோஷ அழுகை.

மாணிக்கம் வந்தவர் நேரே மரத்தடிக்குத்தான் போனார். சுற்றிலும் விளக்கு, மஞ்சள் துணி, சுற்றி வரும் பெண்கள். அவருக்கு முகம் வெளுத்தது.

“பழமெல்லாம் எங்கம்மா?”

“தொட்டில்ல இருக்குதுங்க சார்.”

“பள்ளிக்கூடம்?”

“அங்க இருக்குதுங்க சார்.” சாமைக்காட்டுக்கு நடுவிலிருந்து பிள்ளைகளின் வாய்ப்பாடு கேட்டது. “நீங்க சொன்னபடியே மரத்துல இருந்து ஒரு ஆபத்தும் இல்லாமப் பண்ணிட்டேனுங்க.”

“பள்ளிக்கூடம் நகர்ந்தா ஆபத்து நகர்ந்துருமா?” மாணிக்கத்துக்குக் குரல் கம்மியது. மஞ்சள் துணிக்குள்ளிருந்து பழுத்த வாசம் கமகமவென்று இறங்கியது. “பழத்தை இறக்கச் சொன்னேனா இல்லையா?”

“இது இப்பப் பள்ளிக்கூடத்து மரம் இல்லீங்க, சாமி மரம். சார் இறக்கித்தான் ஆகோணும்னா உத்தரவை எழுதிக் குடுங்க, கவுண்டர்கிட்டக் காட்டறேன்.” அம்சவேணி நிமிர்ந்து நின்றாள். “ஆனா அப்புறம் கேஸு வந்தா முதல் பிரதிவாதி நீங்கதானுங்க. என் பேரு அதுல வராது.”

சின்னான் அரிவாளை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை.

மாணிக்கம் பேனாவை எடுத்தார். ‘கட்டிடம் பாதுகாப்பாக உள்ளது. தொடர்ந்து நடத்தலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குடித்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தவர், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கூடைகள் மறுபடியும் பிள்ளைகளின் தலைகளில் ஏறின, இந்தத் தடவை ஆட்டம் போடுவதற்கு.

பியூன் குப்புசாமி மட்டும் பின்தங்கினார். மரத்தைக் கீழே விழுந்து கும்பிட்டுவிட்டு, டீச்சர் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த நாட்டுப் பள்ளிக்கூடத்து மரத்துலயும் ரெண்டு தொட்டில் கட்டி உடுங்க டீச்சரம்மா. ஐயா கண்ணுக்கு ஆபத்தாத் தெரியற பழமெல்லாம் வருசா வருசம் என்ற தலையிலதானுங்க மலை இறங்கி அவரு ஊட்டுக்குப் போவுது!”