ஆதிமனிதரைத் துடைத்த கதை

மொழி தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் புத்திசாலிகள். நான் அந்த ரகம் இல்லை. எனக்கு விளங்காத மொழியில் ஒருவர் இரண்டு வசனம் சொன்னால் போதும், மூன்றாவது வருமுன்னரே "சீ, சீ" என்று தலையாட்டிவிடுவேன். (இத்தாலிய மொழியில் "சீ" என்றால் "ஓம்". வந்த புதிதில், என்ன கேட்டாலும் இவர்கள் "சீ" என்கிறார்களே என்று நான் மனம் நொந்தது தனிக்கதை.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் தெற்கே ஒரு தீவில் இருக்கும் பலெர்மோ நகரத்துக்கு வந்து ஏழு மாதம். காலையில் ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் வேலை. பின்னேரங்களில், வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையைக் கோயிலில் பழக்கமான பிலோமினாக்கா எடுத்துத் தந்திருந்தார். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தால் வேலைக் கடிதம் தருவார்கள். அதைக் காட்டினால்தான் நான் இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கலாம். ஆகவே நல்ல பெயர் எடுத்தே தீருவது என்று தரையைத் தேய்த்தேன். இன்னும் நாலு நாள் தேய்த்திருந்தால் கீழே கிணறு வந்திருக்கும்.

நாலாம் நாள் மண்டபத்துக்குள் போனால், மேசைகளில் நாற்பது சுவர் ஓடுகள் பரப்பிக் கிடந்தன. எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசி. அதன்மேல் கரிபோன்ற கறுப்பு மையால் கிறுக்கல்கள்: ஈர்க்குக் கை கால்களோடு மனிதர்கள், கொம்பு வைத்த மிருகங்கள், மீன்கள், உருண்டைப் பழங்கள் தொங்கும் மரங்கள். அந்தக் கிழமை பள்ளிக்கூடத்துக் கழிவறையில் திருத்தவேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே கழற்றிய ஓடுகளில் பிள்ளைகள் குரங்குச்சேட்டை விட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்குப் புறப்பட்ட ஆசிரியை லூச்சியா என்னைக் கூப்பிட்டு, ஓடுகளைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். கடைசியில் உள்ளங்கையை ஓடுகளுக்கு மேலாக இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார்.

துடைக்கச் சொல்கிறார். வேறென்ன?

"சீ, சீ" என்றேன்.

ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீரோடு தொடங்கினேன். துணி பட்டதும் வெள்ளை கரைந்து ஓடியது. ஈர்க்கு மனிதர்கள் வரிசையாக வாளிக்குள் இறங்கினார்கள். இரண்டு மணித்தியாலத்தில் நாற்பது ஓடுகளும் செங்கல் நிறத்தில் பளிச்சென்று வந்தன. அளவாக அடுக்கி, மேலே ஒரு துணியும் விரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நான் போனபோது, பிள்ளைகள் எல்லோரும் அந்த அடுக்கைச் சுற்றி நின்றார்கள். லூச்சியா சின்னப் பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். பாராட்டத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த அரைக் கைப்பிடி இத்தாலியச் சொற்களில் இரண்டை எடுத்து வீசினேன்.

"துத்தோ புலீத்தோ!" எல்லாம் சுத்தம்!

ஒரு பிள்ளை விசும்பியது. அதைப் பார்த்து இன்னொன்று. போதிய அளவு விளக்கவில்லையோ என்று, ஓர் ஓட்டை எடுத்து நகத்தால் சுரண்டி, ஊத்தையே இல்லை என்று காட்டினேன். (இதை நினைத்தால் இன்றைக்கும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன்.)

பக்கத்து வீதியில் வேலை செய்த பிலோமினாக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் முதலில் லூச்சியாவோடு கதைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எடி பிள்ளை, ஏன் இதுகளைத் துடைச்சனீ?"

"ரீச்சர் துடைக்கச் சொன்னவ அக்கா. கையாலை காட்டினவ."

"தொடாதை எண்டு காட்டினவவாமடி!"

அப்போதுதான் கதை தெரிந்தது. நகரத்துக்குப் பக்கத்து மலைக் குகையொன்றில், இந்தத் தீவின் ஆதிக்குடிகள் ஆயிரமாயிரம் வருடங்களுக்கு முன்னர் கீறிய உருவங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்துப் பழகி, கடல் மீன்களையும் பக்கத்துச் சியாகுல்லித் தோட்டங்களின் மண்டரின் ஆரஞ்சு மரங்களையும் சேர்த்து, தெருப்பக்கச் சுவரில் ஊராருக்காகப் பதிக்கவென்று இரண்டு மாதமாகக் கீறியிருக்கிறார்கள். அந்த வெள்ளைத் தூசிதான் சூளையில் உருகிப் பளபளப்பாகுமாம். சனிக்கிழமை சூளைக்குக் கொடுக்கவேண்டும். அன்று செவ்வாய்.

ஆயிரமாயிரம் வருடம் தப்பியிருந்த சனத்தை நான் ஒரே பின்னேரத்தில் முடித்துவிட்டேன்.

"என்ரை வேலை போட்டுதோ எண்டு கேளுங்கோ அக்கா" என்றேன்.

பிலோமினாக்கா கேட்டார். லூச்சியா மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார்.

"பொறுக்கட்டாம்."

"அவ்வளவு நேரம் கதைச்சவ, அவ்வளவுதானோ?"

"மிச்சம் எனக்கும் விளங்கேல்லை."

அந்த நேரத்தில் ஜூசி என்ற ஒன்பது வயதுப் பெண்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து "கிராட்சியே" என்றாள். அழுகிறவர்கள் நடுவில் நன்றி சொல்கிறாளே என்று எல்லோரும் திகைத்தார்கள். பிலோமினாக்கா விசாரித்துச் சொன்னார்: "இவள் கீறின மானை எல்லாரும் நாய் எண்டு பகிடி பண்ணினவையாம். நீ அழிச்சது நல்லதாப் போச்சாம். இனி வடிவாக் கீறுவாளாம்."

முதலில் சிரித்தவர் லூச்சியாதான். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் மாத்திரம் அப்போதுதான் அழத் தொடங்கினேன்.

அன்றிலிருந்து வெள்ளிவரை நான் நேரத்தோடு வந்து, வெள்ளைக் குழம்பைக் கரைத்து, ஓடுகளை ஒவ்வொன்றாகத் தோய்த்துக் காயவைத்தேன். விரல் நுனியால் பிடிக்க லூச்சியா பழக்கினார். பிள்ளைகள் பின்னேரமும் நின்று கீறினார்கள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் அன்ரன், சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்து, ஒரு மூலைகூட உடையாமல் எல்லாவற்றையும் சூளைக்குச் சுமந்தார்.

என்னை யாரும் ஏசவில்லை. தலைமையாசிரியையிடம் லூச்சியா தானே போய், "மொழி தெரியாத பெண்ணுக்குக் கையால் காட்டிவிட்டுப் போனது என் பிழை" என்று சொன்னாராம். எனக்கு அது தெரியவந்தது பல மாதம் கழித்து, வேலைக் கடிதமும் கைக்கு வந்து, பெர்மெஸ்ஸோவும் புதுப்பித்த பிறகு. அன்றைக்கு அவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் என் பிள்ளைகள் இந்த ஊரில் பிறந்திருக்க மாட்டார்கள்.

சுவரைத் திறந்துவைத்த நாளில் ஜூசி என்னை இடது மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேட்டைக்காரர்களுக்கும் மான்களுக்கும் (மான்தான், சந்தேகமில்லை) நடுவில் என்னைப்போலவே நீளப் பின்னலோடு ஓர் ஈர்க்குப் பெண். கையில் தரை கூட்டும் தும்புத்தடி. காலடியில் வாளி.

சில வருடங்களில் என் மகளும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். பெற்றோரை அழைத்த ஒரு நாள், புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர் அந்தச் சுவரை விளக்கிக்கொண்டு வந்தார். இடது மூலையில் நின்று, "இவள் வேட்டைக்குப் போகும் பெண். கையில் இருப்பது ஈட்டி. காலடியில் தண்ணீர்ப் பாத்திரம்" என்றார். அதற்குள் எனக்கு இத்தாலியம் நன்றாகவே விளங்கியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அன்ரன் என் முழங்கையைப் பிடித்தார்.

"பேசாமல் இரும். வேட்டைக்காரி எண்டே இருக்கட்டும்."

மகள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள்; வீடு போய்ச் சேருமுன் முழுக்கதையையும் என்னிடம் கறந்தும்விட்டாள். இப்போது அவளுக்குக் கலியாணம் முடிந்து வேறு நகரத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுத்து முதலில் கேட்பது, "வேட்டைக்காரி இண்டைக்கு என்ன பிடிச்சவ?" என்றுதான். நானும் அன்றைய கறியின் பெயரைச் சொல்வேன்.