ஒரே தூணில் ரெண்டு படகு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

எனக்குப் படகுத்துறையில் வேலை கிடைத்துவிட்டது மாமா, கயிறு கட்டுகிற வேலை, அதுவும் முதல் நாளே அறுபத்திநாலு பேரைக் கிளம்பவிடாமல் உட்காரவைத்த பிறகு!

இங்கு எல்லோரும் நலம். நீங்களும் உங்கள் சரக்குக் கப்பலும் எந்தக் கடலில் இருந்தாலும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை இணையத்தில் நான் நடத்தும் கப்பல் பக்கத்திலும் போடுகிறேன். பின்தொடர்வது 312 பேர், அதில் நாற்பது பேர் நம் சொந்தக்காரர்கள், தனித்தனியாகச் சொல்லும் வேலை மிச்சம்.

மூரிங் பற்றி நான் பதினேழு வீடியோ போட்டது உங்களுக்குத் தெரியும். கரைக்கு வந்த கப்பலைக் கயிறு போட்டு அசையாமல் கட்டி நிறுத்துவதுதான் மூரிங் என்று பதினேழிலும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். கயிற்றைத் தொட்டதுதான் இல்லை. உங்கள் சிபாரிசைப் பார்த்துவிட்டு மேலாளர் அக்கா, "ஒரு நாள் பாக்குறேன். சரிவந்தா வேலை. இல்லேன்னா உங்க மாமாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார்.

முதலில் பயணிகள் படகு வந்தது. அதன் கயிற்று நுனியில் இருக்கும் வளையத்தைக் கரையோரக் குட்டை இரும்புத் தூணில் மாட்டினேன். கச்சிதம். அடுத்து எஞ்சின் ஆயில் மாற்றக் குண்டு வந்தது. குண்டு என்பது ஒரு நீலப் படகின் பட்டப்பெயர், அதிலிருந்த மெக்கானிக் அண்ணன் ஒல்லிதான். அதன் வளையத்தையும் அதே தூணில் மேலாக மாட்டிவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். ஒன்பது பத்துக்குப் பயணிகள் படகு கிளம்ப வேண்டும், அதன் வளையமோ அடியில், குண்டின் வளையம் மேலே, காற்று குண்டை வெளியே தள்ளத் தள்ளக் கயிறு விறைத்துத் தூணைக் கவ்விக்கொண்டது, எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்ததால் குண்டைக் கிட்டே கொண்டுவரவும் வழியில்லை, பயணிகள் படகின் பக்கம் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகலாமே என்றால் இருப்பதே ஒரு கயிறு, அடுத்த துறையில் எதைக் கட்டுவதாம். பயணிகள் படகின் மீசைக்காரப் படகோட்டி எட்டிப் பார்த்தார்.

"எம்மா, ரெண்டாவது வளையத்த மொத வளையத்துக்குள்ள கீழருந்து நுழைச்சு எடுத்துத்தான் மாட்டணும். அப்பதான் எது மொதல்ல கெளம்பினாலும் இன்னொண்ணத் தொட வேண்டாம். யாரும் சொல்லலையா?"

"அது பதினெட்டாவது வீடியோல வரும் அண்ணே."

"அப்ப பதினேழுல என்னத்தச் சொன்ன?"

பயணிகளில் ஒரு டீச்சர் அக்கா என்ன பிரச்சினை என்று கேட்டார். என் பிளாஸ்க் மூடியில் இரண்டு தலைமுடி ரப்பரை மாட்டி விளக்கிக் காட்டினேன். மூன்று முறை. கடைசி வரிசைவரை தெளிவாகப் புரிந்தது.

"அப்ப தப்பு உன்னோடதுதான?"

"ஆமாக்கா."

"பின்ன எங்கள எதுக்குச் சும்மா உக்கார வச்சிருக்க? எறங்கி இழுக்கச் சொல்லேன்."

மெக்கானிக் அண்ணன் குண்டிலிருந்து இன்னொரு கயிற்றை வீசினார், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு திரும்ப எஞ்சினுக்குள் போய்விட்டார். இருபது பேர் இறங்கி இழுத்தார்கள். குண்டு ஒரு முழம் கிட்டே வந்தது, கயிறு தொய்ந்தது, நான் மேல் வளையத்தைக் கழற்றி அடி வளையத்தை விடுவித்தேன். பயணிகள் படகின் மணி அடித்ததும் இருபது பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினார்கள். படகு கிளம்பியது. எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். நான் படகு மறையும்வரை கை ஆட்டினேன்.

மேலாளர் அக்கா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாராம். "கட்டத் தெரியல. ஆனா ஆளுங்கள இழுக்க வைக்கத் தெரியுது. நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு" என்றார்.

உங்கள் கேப்டன் முதல் சமையல்காரர் வரை அனைவருக்கும் என் வணக்கம். காற்றும் அலையும் உங்களுக்கு அனுசரணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்,
இன்று முதல் படகுத்துறை ஊழியர்

பி.கு.: அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன் மாமா. குண்டோட வளையத்தக் கழட்டினேன்னு எழுதியிருக்கேன். திரும்ப மாட்டினேன்னு எங்கயும் எழுதல. ஏன் எழுதலன்னு யோசிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தேன். இத வாசிக்கிற 312 பேரும் தயவுசெஞ்சு ஷேர் பண்ணுங்க. நீலப் படகு, முன்பக்கம் பெயிண்ட் உரிஞ்சிருக்கும், ரெண்டு கயிறு தண்ணில தொங்கும். உள்ள ஒரு ஒல்லி அண்ணன் பாட்டு கேட்டுக்கிட்டிருப்பாரு. பார்த்தவங்க உடனே எனக்கு மட்டும் சொல்லுங்க. மேலாளர் அக்கா மூடின மாடி ஜன்னல் இன்னும் தொறக்கல.