பார்சல் அக்காவும் மயக்க டாக்டரும்

அரசாங்க வேலையில் இருந்துகொண்டு டாக்டர், நர்ஸ், டிரைவர், வாட்ச்மேன் என்று ஒருவர் விடாமல் எல்லோருடைய எரிச்சலையும் சம்பாதித்தவர், எனக்குத் தெரிந்து பார்சல் அக்கா ஒருவர்தான்.

செந்துறைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் ஆயா. நான் கம்ப்யூட்டரில் பதிவு ஏற்றுபவன். பிரசவத்தில் லேசாகச் சிக்கல் தெரிந்தாலே போதும், எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்று சீட்டு கொடுப்பது. அதை அச்சடிப்பது என் கைங்கரியம். ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பெண் எங்கள் கவலை இல்லை. அடுத்த ஆஸ்பத்திரியிலும் அதே வைத்தியம்தான். சீட்டு மட்டும் கொஞ்சம் பெரிது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அக்கா கேட்டுவிட்டார். "சீட்ட ஒட்டி அனுப்பிட்டா ஆச்சா? இவ என்ன பார்சலா?"

பெயர் ஒட்டிக்கொண்டது.

அதோடு விட்டாரா? கூப்பிடாமலே ஆம்புலன்ஸில் ஏறிக்கொள்வார். தரை துடைக்க ஆளில்லாமல் நாங்கள் பல்லைக் கடிப்போம். அவரோ அங்கே போய், "சேத்துக்கிட்டோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, எங்க டாக்டரம்மா வாங்கியாரச் சொன்னாங்க" என்று நோட்டை நீட்டுவார். டாக்டரம்மா அப்படிச் சொன்னதே இல்லை. ஒருமுறை கட்டில் காலியில்லை என்றார்களாம். அக்கா வார்டைச் சுற்றி வந்து, பேரனைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் கட்டிலில் குறட்டை விடுவதைக் கண்டுபிடித்தார். தட்டி எழுப்பிக் கேட்டார்: "ஐயா, உங்களுக்கு எத்தன மாசம்?"

ஒருநாள் காலை ஆலத்தியூர்ப் பக்கத்திலிருந்து நிறைமாதப் பெண் ஒருத்தி வந்தாள். முகமெல்லாம் வீக்கம், பிரஷர் ஏறிக்கொண்டே போனது. அவசரத்தில் சீட்டில் ரத்த வகையை நான் தப்பாக அடித்துவிட்டேன். "நீயே வந்து அவங்ககிட்ட சொல்லு தம்பி" என்று என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார் அக்கா.

அடுத்த ஆஸ்பத்திரி வாசலில் ஓர் இளம் டாக்டர் வண்டியிலேயே பார்த்தார். "உடனே ஆபரேஷன் பண்ணணும். இங்க மயக்க டாக்டர் இல்ல. வேற ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

இன்னும் ஒரு மணி நேரப் பயணம். அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு மங்குதுக்கா" என்றாள்.

"அங்க மயக்க டாக்டரு இருக்காங்களான்னு கேட்டுட்டு எழுதுங்க" என்றார் அக்கா.

"அதெல்லாம் இருப்பாங்கம்மா."

"இருப்பாங்களா, இருக்காங்களா?"

கேட்டுவிட்டு வண்டியின் பின்படியில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் டாக்டர் ஃபோன் செய்தார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. அந்த ஆஸ்பத்திரியின் மயக்க டாக்டர் ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறாராம். கூட்டம் நடப்பது, நாங்கள் நின்றுகொண்டிருந்த அதே கட்டடத்தின் மாடியில். கூட்டத்தின் பொருள், கர்ப்பிணிகளை மேல் சிகிச்சைக்கு அனுப்புவதைச் சீராக்குவது எப்படி.

அக்கா படியேறினார், பின்னால் நான். கதவைத் திறந்தால் திரையில் ஒரு படம்; அதில் அம்புக்குறிகள் எல்லாம் தடங்கலில்லாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

"இதுல மயக்க டாக்டரு யாருங்க? கீழ ஒரு புள்ளைக்கிக் கண்ணு தெரியல!"

கையில் வடையோடு ஒருவர் எழுந்தார். வடையைப் பக்கத்து அதிகாரியின் ஃபைல் மேல் வைத்துவிட்டு ஓடினார். அந்தக் கூட்டத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

பெண் குழந்தை. தாய்க்கு இரண்டு நாளில் பார்வை தெளிந்தது. அக்காவுக்கு மெமோ வந்தது: கூட்டத்துக்கு இடையூறு விளைவித்தமைக்கு விளக்கம் தரவும். அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். மொத்தமே ஒரு வரி. "கூப்புட்டேன், வந்தாரு."

போன மாதம் அவருக்குப் பணி ஓய்வு. மத்தியானம் மாலை போட்டு, கேசரி வைத்து, டாக்டரம்மா பேச ஆரம்பித்தார். பாதியில் வாசலில் ஆம்புலன்ஸ் கிளம்பும் சத்தம். திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் மாலை மட்டும் இருந்தது. எல்லோரும் ஒருமூச்சு திட்டித் தீர்த்தோம். ஆனால் கேசரியை ஒருவரும் தொடவில்லை. அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.