வெளியூர் வேலைக்கு வந்த மண்புழுக்கள்

மதிப்பும் அன்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். என் மகளின் பிறந்தநாளுக்கு நீங்கள் அன்பளிப்பாகத் தந்த, குப்பையை உரமாக்கும் மண்புழுக்கள் எங்களைவிட நலம். அங்கே தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். புழு இல்லாத வீட்டில் சௌக்கியத்துக்கு என்ன குறை?

விஷயத்துக்கு வருகிறேன். பல் மருத்துவமனை நாற்காலிகளைப் பழுது பார்ப்பவனுக்கு வெளியூர்ப் பயணம் புதிதல்ல. ஒரு பையில் கருவிகள், இன்னொன்றில் மாற்றுத்துணி, கிளம்பிவிடுவேன். இந்த முறை பள்ளி விடுமுறை, உங்கள் தங்கைக்கோ மடிக்கணினியைத் திறந்த இடமெல்லாம் அலுவலகம், ஆகவே குடும்பத்தோடு போகலாமே என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். உடனே இன்ஸ்பெக்டர் (உங்கள் மருமகளை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறோம்) பூமியைக் காப்பாற்ற அவள் போட்ட வீட்டுச் சட்டங்கள் வெளியூரிலும் செல்லும் என்று அறிவித்துவிட்டாள். கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கக் கூடாது, தூக்கியெறிகிற தட்டில் சாப்பிடக் கூடாது, லிஃப்ட் கூடாது, ஏசி கூடாது. அப்படியானால் புழுக்களை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன், அவளை மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டோம். அவர் கதவை முழுதாகத் திறக்காமலே மறுத்துவிட்டார். ஆக, மூடியில் ஓட்டை போட்ட பெரிய பிஸ்கட் டின்னில், மண்ணும் ஈரத்துணியுமாக, புழுக்களும் எங்களோடு ரயில் ஏறின.

எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். பாவம், பிஸ்கட் என்று நம்பி டின்னின் மேலேயே கண்ணாக இருந்தார். கடைசியில் வாய்விட்டுக் கேட்க, மகள் திறந்து காட்டினாள். மனிதர் அலறப்போகிறார் என்று நான் எழுந்து நின்றால், அவர் தான் தின்ற வாழைப்பழத்தின் தோலை பயபக்தியோடு நீட்டுகிறார்! அதோடு விட்டாரா, எழுந்துபோய் பெட்டி முழுக்கச் செய்தி சொல்லிவிட்டார். ஆள் ஆளாக வர ஆரம்பித்தார்கள். ஆரஞ்சுத் தோல் புளிப்பு, புழுவுக்கு ஆகாது என்று இன்ஸ்பெக்டர் சிலரைத் திருப்பி அனுப்ப, அவர்கள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்கள். அதில் ஒருவர் மானம் தாங்காமல் அடுத்த நிலையத்தில் இறங்கி வாழைப்பழம் வாங்கி, பசியில்லாமலே தின்று, தோலோடு வந்து நின்றார். நாங்கள் இறங்கும்போது ஒரு துணிப்பை நிறையத் தோல். வாத்தியார் கையசைத்தது எங்களுக்கு அல்ல, டின்னுக்கு.

விடுதியின் வரவேற்பில் இருந்த பெண் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே தங்குகிறவர்கள் குப்பையை விட்டுவிட்டுப் போவார்களே தவிர கொண்டுவர மாட்டார்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். அறை ஐந்தாவது மாடியில். லிஃப்ட் கதவு எங்களுக்காகத் திறந்தது, மூடியது, நம்பமுடியாமல் மறுபடியும் திறந்தது. நாங்கள் படியேறினோம். மூன்றாவது மாடியில் உங்கள் தங்கை படியிலேயே உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டாள். என்ன சொல்லி நினைத்துக்கொண்டாள் என்பதை எழுத மாட்டேன். சலவை இயந்திரமும் கூடாதாகையால் அறைக்குக் குறுக்கே கயிறு கட்டித் துணி காயப்போட்டோம். மறுநாள் காலை அவள் கணினியில் அலுவலகக் கூட்டத்தில் மும்முரமாக இருக்க, பின்னால் மின்விசிறிக் காற்றில் என் உள்ளாடைகள் அத்தனையும் ஒரே திசையில் படபடத்துக்கொண்டிருந்திருக்கின்றன. பின்னாடி என்ன கொடி பறக்கிறது என்று மேலாளர் கேட்டாராம். "துணி காயுற கொடி சார்" என்று சொல்லிவிட்டு இவள் பாட்டுக்கு விற்பனை நிலவரத்தை வாசித்திருக்கிறாள். உங்கள் குடும்பத்து நெஞ்சழுத்தம் வேறு யாருக்கு வரும்?

மத்தியானம் அறை அடுப்பாகிவிட்டது. நாங்கள் வேகலாம், புழு வேகக் கூடாது. "ஆஸ்பத்திரில எப்படியும் ஏசி ஓடிட்டுத்தானே இருக்கும். இதுங்களையும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றாள் மகள். கருவிப் பையோடு டின்னையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இங்கேதான் மச்சான், என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. நான் வேலைக்கு வந்திருந்த பல் மருத்துவமனையின் நாற்காலிகள் அத்தனைக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் தருவதா வேண்டாமா என்று பெரிய டாக்டர் அம்மா என் வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வதாக இருந்தார். அவர் நடந்து வந்தாலே நர்சுகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். எந்த மெக்கானிக்குக்கும் மசியாத ஒரு நாற்காலியை என்னிடம் காட்டிவிட்டுப் போயிருந்தார். நான் டின்னைத் தரையில் வைத்து, அடிப்பலகையைக் கழற்றி, மோட்டாரை ஓடவிட்டேன். தரை கிடுகிடுவென்று அதிர்ந்தது. அதிர்ந்தால் மண்புழு மேலே ஏறி வந்துவிடும் என்று விலங்கியல் வாத்தியாரான நீங்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் நிமிர்ந்தபோது, மூடியின் ஓட்டைகள் வழியே வெளியேறி வெள்ளைத் தரையெல்லாம் புழு. வாசலில் பெரிய டாக்டர். அவர் கத்தவில்லை. விறுவிறுவென்று வந்து செருப்போடு நாற்காலியில் ஏறி நின்றுகொண்டார். பதறிப் பின்வாங்கிய என் கால் ஏற்றும் மிதிகட்டையில் பட, நாற்காலி அவரைத் தூக்கிக்கொண்டு மெதுவாக, ராஜ மரியாதையோடு மேலே போயிற்று.

"என்ன இது?" என்றார் மேலேயிருந்து.

"மண்புழு டாக்டர். ஒண்ணும் பண்ணாது."

"நாற்காலியைக் கேட்டேன். இத்தனை மாசமா ஏறாதது இப்ப எப்படி ஏறுது?"

"சரியாயிடுச்சு டாக்டர்."

"அப்ப இறக்குங்க."

இறக்குகிற பொத்தானை நான் இன்னும் பொருத்தவே இல்லை. அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பல்லெல்லாம் கூசியது. முதலில் தரையைக் காலி செய்யச் சொன்னார். பல் பிடுங்கும் இடுக்கியை எடுக்கப்போனேன், அதட்டினார், கையாலேயே பொறுக்கினேன். அந்த உயரத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், கை கழுவும் தொட்டியருகே ஒன்று, திரைச்சீலைக்குக் கீழே ஒன்று என்று காட்டிக்கொண்டே வந்தார். நடுநடுவே இவை என்ன தின்னும், எப்படிப் பெருகும் என்றும் விசாரித்தார். கடைசியில் பொத்தானைப் பொருத்தி இறக்கினேன். தரையைத் தொட்டதும் அங்கியை நீவிவிட்டுக்கொண்டு, மறுநாள் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து நானே ஒருமுறை மேலே போய் வந்தேன்.

ஆனாலும் மச்சான், உடம்பிலும் மனசிலும் இனித் தெம்பில்லை. நாங்கள் ஊர் திரும்பும் அன்று தாங்கள் தயவுசெய்து ரயில் நிலையத்துக்கு வந்து தங்கள் புழுக்களை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். இது என் உறுதியான, இறுதியான முடிவு. யார் அழுதாலும் மாறாது. வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, தங்களுக்கு எல்லா வளமும் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
தங்கை கணவன்

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் பெரிய டாக்டர் விடுதிக்கே வந்துவிட்டார். மருத்துவமனைத் தோட்டத்துக்குப் புழுக்களைத் தர முடியுமா என்று கேட்டார். மகள் தோட்டத்தைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்து சம்மதித்தாள். உங்கள் தங்கை கேட்கும் முன்பே சம்மதித்திருந்தாள். நான்தான் டின்னை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இதுங்களுக்கு இடம் மாறினா ஒத்துக்காது டாக்டர்" என்றேன். எனக்கே ஏனென்று தெரியவில்லை மச்சான். தாங்கள் நிலையத்துக்கு வந்து சிரமப்பட வேண்டாம். திரும்பும்போது ஜன்னலோர இடம் யாருக்கு என்று தாயும் மகளும் இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அது டின்னுக்கு என்று நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.