தீபத்தன்று நான் மூட்டிய உலை

பிள்ளைகளே, ஒரு வேலை சுத்தமாகத் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. பாதி தெரிந்தவனைக் கண்டால்தான் ஓட வேண்டும். பத்தாவதில் தோற்ற எனக்கு, உலோகம் உருக்கும் உலையின் படம் போட்ட பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. (படத்துக்குக் கீழே இருந்த விளக்கத்தை எலி தின்றிருந்தது. எலிக்கு இருந்த அறிவுப்பசி எனக்கு இல்லை.)

எழுபதுகளின் கடைசி. கல்யாணமான புதிது. திருவண்ணாமலையில் வீட்டுத் தோட்டத்திலேயே பித்தளை வார்க்கும் பட்டறை வைக்க எனக்கு ஆசை. என் மாமனாரான உங்கள் தாத்தாவுக்கோ என்னைக் கீழ்பென்னாத்தூரில் தன் கடலை மண்டியில் உட்கார வைக்க ஆசை.

"தீபத்துக்கு வரேன் மாப்ள. ஒரே ஒரு விளக்கு ஊத்திக் காட்டுங்க, பட்டறை வெச்சுக்கலாம். இல்லாட்டி பேசாம மண்டிக்கு வந்துடணும்" என்று சொல்லிவிட்டார்.

உலைக்காக ஒரு தார் டிரம்மை வெட்டினேன். உள்ளே களிமண் பூசச் சொன்னார்கள். சிமெண்டு கண்டுபிடித்த பிறகும் களிமண்ணா? தீபத்துக்கு முந்தின நாள் கனமாகச் சிமெண்டு பூசினேன்.

"இன்னாங்க, இன்னும் ஈரமா இருக்குதே?" என்றாள் உங்கள் அம்மா.

"உள்ள நெருப்புதானே வெக்கப் போறேன், தானா காஞ்சிடும்" என்றேன். (விஞ்ஞானி!)

தீபத்தன்று மேகம் மலையை மூடியிருந்தது. எங்களுடையது ஓட்டு வீடு என்பதால் மாமனார் எதிர்வீட்டு மாடியில் தெருவோடு சேர்ந்து நின்றார். மலையில் தீபம் ஏறி வேட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் வீடுகளில் விளக்கேற்றுவார்கள், விரதம் இருப்பவர்கள் சாப்பிடுவார்கள். மாமனாரும் விரதம். மேலே தீபம் ஏறும் அதே நொடியில் கீழே என் பித்தளை ஓட வேண்டும் என்பது என் திட்டம்.

ஈரச் சிமெண்டுக்குள் போட்ட கரி நமுத்துப்போய்ப் பிடிக்கவே இல்லை. நேரமோ ஓடுகிறது. மெக்கானிக் கடைக் கழிவு ஆயிலை ஒரு சொம்பு ஊற்றி, கையால் சுற்றும் புளோயரை வெறிபிடித்தவன்போல் சுற்றினேன். தீ கூரைக்கு மேலே எழும்பியது. ஈரச் சிமெண்டு 'டமார்!' என்று வெடித்தது. நான் கிணற்றடியில் கிடந்தேன், பாதி மீசையோடு.

தெருவுக்கும் மலைக்கும் நடுவில் எங்கள் தோட்டம். மாடியில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது மேகத்தில் ஒரு சிவப்பு, கேட்டது ஒரு வேட்டு. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று எதிர்வீட்டுக்காரர் கத்த, தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. வாசலெல்லாம் அகல் விளக்கு. பக்கத்துத் தெருவிலும்!

மாமனார் இறங்கி வந்து, எங்கள் சமையலறையில் இரண்டாவது வடையைக் கடித்தபோது மலைப்பக்கம் நிஜ வேட்டு கேட்டது. மேகம் விலகி, உச்சியில் தீபம்.

கடித்த வடையோடு தோட்டத்துக்கு வந்தார். டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உருக்கும் சட்டியில் பித்தளைத் துண்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அந்தத் தோட்டத்தில் சூடே ஏறாதவை அவைதான்.

"எனக்குக் கல்யாணம் ஆனதிலேர்ந்து ஒரு வருசம்கூட விட்டதில்ல மாப்ள இந்த வெரதம்" என்றார். கடித்த வடையைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு, "காலைல மொத பஸ்சுல மண்டிக்கு வந்துடுங்க. அங்க வெறும் கடலைதான். நீங்க தொட்டாலும் வெடிக்காது."

அப்படித்தான் நான் கடலை வியாபாரி ஆனேன். இன்றும் தீபத்தன்று வேட்டுச் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் விளக்கைத் தொடுவதில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்பா, இது மலையா, நீயா?" என்று கேட்கிறார். நீங்களும் வடையைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள். "மலைதான்" என்று நான் சொன்ன பிறகுதான் வாயில் போடுகிறீர்கள்.