நாற்பது நாள் வைட்டமின்

"மூச்சை அடக்கு" என்றார் துரை.

குமாரவேல் அடக்கினான். நாடாவால் அவன் மார்பை அளந்தார்கள், தோளை அளந்தார்கள், எடை பார்த்தார்கள். துரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனை ஏற இறங்கப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டார். காகிதத்தில் ஏதோ கிறுக்கினார்.

"கப்பல் வர நாற்பது நாள் ஆகும். அப்போது வா."

சுதந்திரம் வந்து நாலு வருஷமாகியும் ராயபுரத்துக் கப்பல் பட்டறையில் வெள்ளைக்காரத் துரைதான் ராஜா. அவரிடம் வேலை கிடைத்தால்தான் மாமன் சுப்புராயன் தன் மகள் பச்சையம்மாவைக் குமாரவேலுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். கட்டுமரத்தில் போகிறவனுக்குப் பெண் இல்லை என்பதில் அவர் கெட்டி, இத்தனைக்கும் அவரே கட்டுமரத்தில் போகிறவர்.

வீட்டில் தாய் கோவிந்தம்மா வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாடா சொன்னாரு?"

"அளந்தாரு. சிரிச்சாரு."

"கருவாடு மாதிரி போய் நின்னா சிரிக்காம இன்னா பண்ணுவாரு? இன்னா வேலன்னாவது கேட்டியா?"

"கம்பெனி வேல. அத்தப் போயி யாராவது கேப்பாங்களா?"

தாய்க்கும் அது நியாயமாகவே பட்டது. மகனை இழுத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனாள்.

கடைக்கார ஆசீர்வாதம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். புளி மடிக்க வந்த பத்திரிகையில் வைட்டமின்களைப் பற்றி அரைப் பக்கம் படித்திருந்தார். மீதி அரைப் பக்கம் புளியோடு போய்விட்டது. அன்று முதல் அவர் தெருவுக்கே டாக்டர்.

"எலும்புக்கு வைட்டமின் டி, ஈறுக்கு வைட்டமின் சி. ஒனக்கு ரெண்டும் கெடையாது, கேட்டியாலே" என்று சுறா ஈரல் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வைத்தார். "காலையில ரெண்டு கரண்டி, சாயங்காலம் ரெண்டு கரண்டி."

அந்தச் சுறாவைப் பிடித்ததே குமாரவேலாக இருக்கலாம். கரையில் நாய்க்கு எறிந்த ஈரல், லேபிள் ஒட்டியதும் மருந்தாகிவிட்டது.

மூன்றாம் நாள் அவன் விட்ட ஏப்பத்தில் பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை காலியானது. தெருப் பூனைகள் மட்டும் அவனை மிகுந்த மரியாதையோடு பின்தொடர்ந்தன.

"நாத்தத்துக்கு வைட்டமின் சி குடு" என்றார் ஆசீர்வாதம். தினம் ஆறு எலுமிச்சம்பழம், ஒரு படி நெல்லிக்காய். நாற்றம் குறைந்ததோ இல்லையோ, பல் கூசியது, வயிறு எரிந்தது.

"வெறும் வயித்துல சி போனா அரிக்கத்தாம்லே செய்யும். மேல சோத்தப் போடு."

கோவிந்தம்மா போட்டாள். பானை பானையாகப் போட்டாள். வயிறு கல்லாகி, அவன் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை.

"செரிக்கணும்னா வெயில் வேணும். வெயில்லதான் டி இருக்கு. தெனம் நாலு மணி நேரம் மணல்ல மல்லாந்து படுத்துக்க."

குமாரவேலுக்கே இது கொஞ்சம் இடித்தது. "அண்ணாச்சி, பொறந்ததுலேந்து நான் கடல்ல வெயில்லதான கீறேன்?"

"அது வேல செய்யுற வெயிலுலே. வேர்வையோட வெளிய போயிரும். சும்மா படுத்து வாங்குனாத்தான் ஒடம்புல ஒட்டும்."

இப்படிப்பட்ட அறிவுக்கு எதிரே யார் வாதாட முடியும்? குமாரவேல் கடலுக்குப் போவதை நிறுத்தினான். கட்டுமரங்களுக்கு நடுவே அசையாமல் கிடந்தவனைப் பார்த்து, மீன் கூடைக்காரிகள் கடலில் செத்தவன் ஒதுங்கியிருக்கிறான் என்று ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். கான்ஸ்டபிள் வந்து லத்தியால் குத்த, பிணம் ஏப்பம் விட்டது. கூட்டம் சிதறியது. கோவிந்தம்மா ஓடி வந்து, மகன் உயிரோடிருப்பது தெரிந்த பிறகு இரண்டு அறை கொடுத்தாள்.

ஆனால் பலன் தெரிந்தது. ஒரு வேலையும் செய்யாமல், இரண்டாள் சோறு தின்று, மணலில் புரண்டவன் வேறு எப்படி ஆவான்? கன்னம் உப்பியது. கழுத்து காணாமல் போனது. பழைய சட்டையின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. சளி கூடப் பிடிக்கவில்லை.

"எல்லாம் வைட்டமின்!" என்று ஆசீர்வாதம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவனைக் காட்டினார். கழுத்து வலி என்று வந்தவளுக்கும் ஒரு புட்டி விற்றார்.

சுப்புராயன் வந்து மருமகனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாமா கீறான்! இவனைப் பார்த்தா தொரயே எழுந்து நாற்காலி குடுப்பாரு" என்று அங்கேயே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்.

நாற்பதாம் நாள் குமாரவேல் புதுச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பட்டறைக்குள் போனான். துரை நிமிர்ந்து பார்த்தார். நாற்காலி கொடுக்கவில்லை. நாடாவை எடுத்தார், அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். காகிதத்தில் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

"போ."

வாசலில் காவலுக்கு நின்ற லூயிஸிடம் வந்தபோது குமாரவேலுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நாப்பது நாளா எண்ணெ குடிச்சி, வெயில்ல காஞ்சி, இவ்ளோ ஒடம்பு ஏத்திகினு வந்தேன் நைனா. இன்னும் போதலையாமா?"

லூயிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். பீடியைக் கீழே போட்டுக் காலால் நசுக்கினார்.

"அடப்பாவி, கப்பல் பாய்லரு ஓட்டைல பூந்து உள்ள சுத்தம் பண்ற வேலடா இது, எரநூறு பேர அளந்து, தோளு நொழையறவன் நீ ஒருத்தன்தான்னு தொர அன்னிக்கே உன் பேர எழுதி வெச்சிட்டாரு!"